பேனாக்காரர் ஸ்டிரைக்குக்கு லாரிக்காரர் ஏன் வந்தார்?

கதை எழுதுகிறவர்கள் வேலையை நிறுத்தினால் ஊருக்கு என்ன நஷ்டம்?

பஸ் நின்றால் பத்து நிமிஷத்தில் தெரியும். பால் வண்டி வராவிட்டால் விடியற்காலையிலேயே தெரியும். பேனா நின்றால்...? சத்தமே கேட்காது! எழுதி முடித்த கதைகள் கட்டுக்கட்டாக அலமாரியில் இருக்கும். அவற்றை வைத்து மாசக்கணக்கில் படம் பிடிக்கலாம். முதலாளி பாட்டுக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

அமெரிக்காவின் சினிமாப் பட்டணமான ஹாலிவுட்டில் 2023 மே 2ந் தேதி இப்படித்தான் ஒரு ஸ்டிரைக் தொடங்கியது. சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் கதை, வசனம் எழுதுகிறவர்கள் சுமார் 11,500 பேர் பேனாவை மூடி வைத்தார்கள். 148 நாள் எழுதவில்லை. செப்டம்பர் 27ந் தேதிதான் மறுபடி வேலைக்குப் போனார்கள்.

அந்த 148 நாளில் அவர்கள் மட்டும் தெருவில் நின்றிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். நின்றது அவர்கள் மட்டும் அல்ல. அதுதான் விஷயம்.

2023 ஜூன் 21, புதன்கிழமை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு பெரிய ஊர்வலம். பான் பசிபிக் பூங்காவில் புறப்பட்டு லா பிரேயா என்ற இடத்தில் முடிந்தது. அங்கே தரைக்கு அடியில் இருந்து இன்றைக்கும் கருப்புத் தார் கொப்பளித்துக்கொண்டு இருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாரில் சிக்கிச் செத்த யானை, புலிகளின் எலும்புகளை எடுத்துப் பக்கத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் குட்டைக்குப் பக்கத்தில்தான் பொதுக்கூட்டம். ஆயிரக்கணக்கான பேர். நீலச் சட்டை போட்ட எழுத்தாளர்கள். அவர்களோடு வேறு யூனியன்காரர்கள், நண்பர்கள், குடும்பத்தினர். கையில் அட்டைகள். சிரிப்பு வசனம் எழுதிப் பிழைக்கிறவர்கள் ஆயிற்றே, அட்டையிலும் நக்கலுக்குப் பஞ்சம் இல்லை!

அதற்குச் சில வாரம் முன்னால், மே 26ந் தேதி, நகரின் நடுவில் உள்ள விளையாட்டு அரங்கத்தின் வாசலில் இன்னொரு கூட்டம் நடந்தது. அங்கே வந்தவர்கள் யார், யார்? லாரி ஓட்டுகிறவர்கள், ஓட்டலில் படுக்கை விரிக்கிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள். இவர்களில் யாரும் ஒரு வரி வசனம் எழுதியது கிடையாது. எழுத்தாளர்கள் ஜெயித்தால் இவர்கள் சம்பளம் ஒரு காசு கூடப் போவதும் கிடையாது.

பிறகு ஏன் வந்தார்கள்?

அதைச் சொல்வதற்கு முன் சண்டை எதற்கு என்று பார்க்கவேண்டும்.

துளிக் காசு

ஒரு டெலிவிஷன் தொடரை எழுதினால் அதற்குக் கூலி உண்டு. அதே தொடரை முதலாளி மறுபடி மறுபடி ஓட்டிக் காசு பார்த்தால், எழுதியவருக்கும் அதில் ஒரு துளி வந்து சேரும். வேலை இல்லாத மாசத்தில் வாடகை கொடுப்பது அந்தத் துளிதான். இது யாரும் தானமாகக் கொடுத்தது அல்ல. இந்த மாதிரிப் பங்குக்காக 1960ல் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒரே சமயத்தில் ஸ்டிரைக் செய்தார்கள். அப்போது நடிகர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? ரொனால்டு ரீகன்! பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்.

பங்கில் தகராறு. 1988ல் ஐந்து மாசம் ஸ்டிரைக். பிறகு இன்டர்நெட் வந்தது. 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை, 100 நாள் ஸ்டிரைக். அந்தத் தடவையும் நவம்பர் 9ந் தேதி பாக்ஸ் ஸ்டுடியோ அருகே சுமார் 4,000 பேர் திரண்டார்கள். "கம்ப்யூட்டரில் எவன் படம் பார்க்கப் போகிறான், இதற்குப் போய்ச் சண்டையா?" என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. நெட்பிளிக்ஸ் கம்பெனி இன்டர்நெட் வழியாகப் படம் காட்டத் தொடங்கியதே அந்த 2007ல்தான். பதினைந்து வருஷத்தில் என்ன ஆயிற்று என்பது கையில் செல்போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இன்டர்நெட்டில் ஒரு குறை. கொட்டகையில் எத்தனை டிக்கெட் விற்றது என்று கணக்கு உண்டு. டெலிவிஷனிலும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. இன்டர்நெட் கம்பெனிகளோ கணக்கைப் பூட்டி வைத்தன. எழுதியவருக்குக் கிடைத்தது மொத்தமாக ஒரு தொகை. தொடரை ஊரே பார்த்தாலும் அதே காசு, ஒருவரும் பார்க்காவிட்டாலும் அதே காசு.

2023ல் அமெரிக்காவில் இன்டர்நெட்டில் அதிகம் பேர் பார்த்த தொடர் எது? "சூட்ஸ்" என்ற வக்கீல் கதை. அது டெலிவிஷனில் ஓடி முடிந்தது 2019ல்! நீல்சன் கம்பெனியின் கணக்குப்படி அந்த ஒரு வருஷத்தில் ஜனங்கள் அதைப் பார்த்த நேரம் 5,770 கோடி நிமிஷம். எழுத்தாளர்கள் தெருவில் வெயிலில் நடந்த கோடையில், அவர்கள் என்றைக்கோ எழுதிக் கொடுத்த பழைய சரக்கு முதலாளிகளின் கடையில் சக்கைப்போடு போட்டது. கடைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

வேலையும் சுருங்கியது. முன்பெல்லாம் ஒரு தொடர் என்றால் வருஷத்துக்கு 22 பாகம். எழுத்தாளருக்கு ஏறக்குறைய வருஷம் முழுக்க வேலை. இப்போது 8 பாகம், 10 பாகம். நாலு பேரைச் சில வாரத்துக்குக் கூப்பிட்டு, கதையைக் கறந்துகொண்டு, வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கமாயிற்று. வாரக் கூலி என்று பார்த்தால் கொழுத்த காசுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வருஷத்தில் எத்தனை வாரம்? அடிமட்டக் கூலிக்கு வேலை பார்த்த டெலிவிஷன் எழுத்தாளர்கள் 2013-14ல் நூற்றுக்கு 33 பேர். 2021-22ல் 49 பேர். இது அவர்கள் சங்கம் எடுத்த கணக்கு.

போதாக்குறைக்கு, எழுதும் இயந்திரம் வந்துவிட்டது. 2022 நவம்பர் 30ந் தேதி சாட்ஜிபிடி வெளியானது. அடுத்த ஐந்தே மாசத்தில் பேச்சுவார்த்தை மேஜையில் எழுத்தாளர்கள் கேட்டார்கள்: "இயந்திரத்தை எங்கள் இடத்தில் உட்கார வைக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள்." முதலாளிகள் சங்கம் மறுத்தது. அதற்குப் பதிலாகச் சொன்னது என்ன? வருஷத்துக்கு ஒரு தடவை கூடி இந்தத் தொழில்நுட்பம் பற்றிப் பேசலாமாம்!

எழுத்தாளர்கள் கேட்டது வருஷத்துக்கு 42 கோடியே 90 லட்சம் டாலர் மதிப்புள்ள உயர்வு. முதலாளிகள் கொடுக்க வந்தது 8 கோடியே 60 லட்சம். ஸ்டிரைக்குக்கு ஆதரவா என்று ஓட்டு எடுத்தபோது நூற்றுக்குக் கிட்டத்தட்ட 98 பேர் "ஆம்" என்றார்கள்.

விடியற்காலை வாசலில்

இனி லாரிக்காரர் கதைக்கு வரலாம்.

எழுதி முடித்த கதைகள் அலமாரியில் இருந்தன அல்லவா? அவற்றைப் படம் பிடிக்க என்ன வேண்டும்? கேமரா வேண்டும், விளக்கு வேண்டும், மேஜை நாற்காலி வேண்டும், சாப்பாடு வேண்டும். இவை எல்லாம் எதில் வரும்? லாரியில். லாரியை ஓட்டுகிறவர் யார்? டீம்ஸ்டர்ஸ் என்ற யூனியன்காரர்.

அவர்கள் யூனியனுக்கு அப்போது ஒப்பந்தம் நடப்பில் இருந்தது. ஆகவே அவர்கள் ஸ்டிரைக் செய்ய முடியாது. ஆனால், இன்னொரு யூனியன் மறியல் செய்கிற வாசலைத் தாண்டமாட்டேன் என்று ஓட்டுநர் தனித்தனியாகச் சொல்லலாம். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. மே 3ந் தேதி நடந்த எழுத்தாளர் கூட்டத்துக்கு ஹாலிவுட் லாரி ஓட்டுநர்களின் தலைவி லின்சி டோகர்ட்டி வந்தார். நீங்கள் வாசலில் நில்லுங்கள், லாரிகள் நிற்கும் என்று வாக்குக் கொடுத்தார்.

வாக்கு வெறும் பேச்சாகப் போகவில்லை. விடியற்காலையில், இருட்டு பிரியும் முன்னே, படப்பிடிப்பு நடக்கிற இடத்தின் வாசலில் சில எழுத்தாளர்கள் அட்டையோடு நிற்பார்கள். சில நேரம் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். லாரி வரும். ஓட்டுநர் பார்ப்பார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்குப் படப்பிடிப்பு அம்பேல்! லாஸ் ஏஞ்சல்சில் நடந்தது. நியூயார்க்கில் நடந்தது. ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் முதலாளிக்கு லட்சக்கணக்கில் நஷ்டம்.

திருப்பிக்கொண்டு போன ஓட்டுநருக்கு? அன்றைய கூலி போயிற்று. வாசலைத் தாண்டி உள்ளே போயிருந்தால் யாரும் அடித்திருக்கமாட்டார்கள். "கருங்காலி" என்று நாலு பேர் கத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் போகவில்லை. எழுத்தாளருக்காக அமெரிக்காவில் எத்தனையோ பேர் பேசினார்கள், பாடினார்கள். அந்தப் பேச்சையும் பாட்டையும் எல்லாம் ஒரு தட்டில் போட்டு, இந்த ஸ்டியரிங் திருப்பலை மறு தட்டில் போட்டால், எது கனம் என்று தராசுக்குத் தெரியும்.

ஜூலை 14ந் தேதி நடிகர்களும் ஸ்டிரைக்கில் குதித்தார்கள். அவர்கள் சங்கத்தில் சுமார் ஒரு லட்சத்து 60 ஆயிரம் பேர். எழுத்தாளரும் நடிகரும் சேர்ந்து தெருவில் நின்றது 1960க்குப் பிறகு அப்போதுதான். செப்டம்பரில் நடக்க வேண்டிய எம்மி பரிசளிப்பு விழா 2024 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

ஸ்டிரைக்கைப் பார்க்க வந்த சாதாரண ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. மே 21ந் தேதி பாஸ்டன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி கம்பெனித் தலைவர் டேவிட் சஸ்லாவ் பேச எழுந்தார். வெளியே மறியல். உள்ளே, பட்டம் வாங்க வந்த பிள்ளைகளே, எழுத்தாளருக்குக் கூலி கொடு என்று கோஷம் போட்டார்கள். 2021ம் வருஷக் கணக்கில் அவருக்குக் காட்டிய சம்பளம் 24 கோடியே 66 லட்சம் டாலர். பெரும்பகுதி ரொக்கம் அல்ல, கம்பெனிப் பங்கு வாங்கும் உரிமை. அப்படியே இருந்தாலும் அந்த எண்ணை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கட்டும். கடைசியில் தேவைப்படும்.

நடிகர் ட்ரூ கேரி என்று ஒருவர். அவர் மேடை ஏறிப் பேசவில்லை. பர்பாங்க் ஊரில் உள்ள பாப்ஸ் பிக் பாய் என்ற சாப்பாட்டுக் கடையில், சங்க அட்டையைக் காட்டுகிற எழுத்தாளருக்கெல்லாம் சாப்பாடு போடு, பில்லை எனக்கு அனுப்பு என்றார். ஸ்டிரைக் முடிகிறவரை அந்தக் கணக்கு ஓடியது. எழுத்தாளருக்குச் சோறு, கடைக்காரருக்கு வியாபாரம்!

ட்ரூ பாரிமோர் என்ற நடிகைக்கு மனசு தடுமாறியது. அவருடைய டெலிவிஷன் நிகழ்ச்சியை எழுத்தாளர் இல்லாமலே செப்டம்பரில் தொடங்கப் போவதாக அறிவித்தார். வாசலில் மறியல் நடந்தது. கண்டனம் கிளம்பியது. ஒரு வாரத்துக்குள் முடிவை மாற்றிக்கொண்டார்.

நிழலுக்கும் வந்தது வம்பு

ஜூலை மாசம். லாஸ் ஏஞ்சல்சில் மண்டையைப் பிளக்கும் வெயில். யுனிவர்சல் ஸ்டுடியோவின் ஒரு வாசலில் வரிசையாக அத்தி இன மரங்கள். மறியல் செய்கிறவர்களுக்கு அந்த நிழல்தான் கதி. ஒரு நாள் காலை வந்து பார்த்தால் மரங்கள் மொட்டை! கிளைகள் எல்லாம் வெட்டப்பட்டுவிட்டன.

வருஷா வருஷம் பாதுகாப்புக்காகச் செய்கிற வேலைதான், மறியல்காரரைத் துன்புறுத்தும் எண்ணம் இல்லை என்றது கம்பெனி. மரங்கள் நகரசபைக்குச் சொந்தம். நகரத்தின் தணிக்கை அதிகாரி விசாரித்தார். வெட்டுவதற்கு அனுமதி வாங்கவில்லை என்று தெரிந்தது. அபராதம் போட்டார்கள். எவ்வளவு? 250 டாலர்!

அதே மாசம் சினிமாப் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி. எழுத்தாளர்கள் வீடு வாசலை இழக்கத் தொடங்கும் வரை இழுத்தடிக்கலாம் என்று பேர் சொல்லாத ஒரு பெரிய மனிதர் சொன்னதாக அச்சாயிற்று. அவர் எங்கள் சார்பில் பேசவில்லை என்று முதலாளிகள் சங்கம் மறுத்தது. மறுப்பு யார் காதிலும் ஏறவில்லை.

யார் வயிற்றில் அடி?

இங்கே ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஆதரவுக் கூட்டத்தில் பேசுகிறவர்கள் இதை அழுத்திச் சொல்வது இல்லை.

ஸ்டிரைக்கில் அடிபட்டது ஸ்டிரைக் செய்தவர்கள் மட்டும் அல்ல. படத்துக்கு உடை தைக்கிறவர், சலவைக்காரர், பூக்கடைக்காரர், வாடகைக்கு நாற்காலி கொடுக்கிறவர், சாப்பாட்டு வண்டிக்காரர், தச்சர், விளக்குப் பிடிக்கிற ஆள்... இவர்களுக்கு யாரும் ஓட்டுச் சீட்டு கொடுத்து "ஸ்டிரைக் வேண்டுமா?" என்று கேட்கவில்லை. வேலை தானாக நின்றது. கலிபோர்னியாவுக்கு மொத்த நஷ்டம் சுமார் 500 கோடி டாலர் என்று பொருளாதார நிபுணர்கள் கணித்தார்கள். ஸ்டிரைக் செய்கிறவர்களுக்கு வேலையில்லாக் காலப் படி கொடுக்க மாநில சட்டசபை ஒரு மசோதா நிறைவேற்றியது. கவர்னர் நியூசம் 2023 செப்டம்பர் 30ந் தேதி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நியூயார்க் மாநிலத்தில் அந்தப் படி உண்டு. ஒரே ஸ்டிரைக், ஒரே முதலாளிகள். கிழக்கே இருந்தவருக்குப் படி, மேற்கே இருந்தவருக்குப் பட்டினி!

ஸ்டிரைக் முடிந்ததும் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2024ல் லாஸ் ஏஞ்சல்சில் நடந்த படப்பிடிப்பு நாட்கள் ஸ்டிரைக் நடந்த 2023ஐ விடவும் குறைவு. கம்பெனிகள் செலவைச் சுருக்கின. படப்பிடிப்புகள் வேறு மாநிலத்துக்கும் வேறு நாட்டுக்கும் போயின. இதற்கு எழுத்தாளர் ஸ்டிரைக்தான் காரணம் என்று சொல்வது மோசடி. ஸ்டிரைக்குக்குச் சம்பந்தமே இல்லை என்பதும் சரியல்ல.

இவ்வளவும் தெரிந்துதான் அந்த லாரிக்காரரும் தச்சரும் கூட்டத்துக்கு வந்தார்கள். காரணம் தியாகம் மட்டும் அல்ல. அடுத்த வருஷம் தங்கள் ஒப்பந்தம் முடிகிறது, எதிரே உட்காரப்போவது இதே முதலாளிகள் சங்கம்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். மே மாசம் எழுத்தாளருக்காக வந்த ஓட்டல் தொழிலாளர்கள் ஜூலை மாசம் தாங்களே ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். ஆகஸ்டு 8ந் தேதி நகரசபை ஊழியர்கள் ஒரு நாள் ஸ்டிரைக் செய்தார்கள். இன்றைக்கு நீ என் வாசலுக்கு வா, நாளைக்கு நான் உன் வாசலுக்கு வருகிறேன். கல்யாண வீட்டு மொய் மாதிரி. ஊர் உலகத்தில் மொய் எழுதாதவன் வீட்டுப் பந்தியில் யார் வந்து உட்காருவார்கள்?

கிடைத்தது என்ன?

செப்டம்பர் 24ந் தேதி உடன்பாடு ஏற்பட்டது. ஓட்டுப் போட்ட உறுப்பினர்களில் நூற்றுக்கு 99 பேர் ஒப்புக்கொண்டார்கள். இயந்திரம் எழுதியதை எழுத்தாக மதிக்கக்கூடாது. இயந்திரத்தைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. இயந்திரம் தயாரித்த சரக்கைக் கையில் கொடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கூடிப் பேசலாம் என்றவர்கள் இவ்வளவுக்கும் கையெழுத்துப் போட்டார்கள்!

தொடருக்கு இத்தனை எழுத்தாளர் இருந்தே ஆகவேண்டும் என்று கணக்கு வந்தது. இன்டர்நெட் தொடரை முதல் 90 நாளில் சந்தாதாரர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் அளவுக்குப் பார்த்தால் எழுதியவருக்குக் கூடுதல் பணம். பூட்டி வைத்த கணக்கில் ஒரு சாளரம் திறந்தது. சாளரம்தான், கதவு அல்ல. எண்ணிக்கையைச் சங்கத்திடம் ரகசியமாகச் சொன்னால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள்.

பணக் கணக்கு? வருஷத்துக்கு 23 கோடியே 30 லட்சம் டாலர் என்று எழுத்தாளர் சங்கம் மதிப்புப் போட்டது. கேட்டதில் பாதிக்குச் சற்று மேல். முதலில் கொடுக்க வந்ததைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. ஞாபகத்தில் வைக்கச் சொன்ன எண்ணை இப்போது எடுக்கலாம். 11,500 பேர் 148 நாள் தெருவில் நின்று வாங்கிய ஒரு வருஷ உயர்வு, ஒரே ஒரு கம்பெனித் தலைவருக்கு 2021ல் காட்டிய சம்பளத்தை விடக் குறைவு! அதை மே மாசமே கொடுத்துத் தொலைத்திருந்தால் 500 கோடி டாலர் நஷ்டம் யாருக்கும் வந்திருக்காதே! இந்தக் கேள்விக்கு முதலாளிகள் சங்கம் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

லாரிக்காரருக்கு இந்த 23 கோடியில் ஒரு டாலர்கூடப் பங்கு கிடையாது. எழுத்தாளர்கள் மொய்க் கடனோடுதான் வேலைக்குத் திரும்பினார்கள்.

2024 மார்ச் 3ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. லாஸ் ஏஞ்சல்சின் என்சினோ பகுதியில் உள்ள உட்லி பூங்காவில் ஒரு பொதுக்கூட்டம். கூட்டியவர்கள் தச்சர்கள், விளக்குக்காரர்கள், தையல்காரர்கள், லாரி ஓட்டுநர்கள். மறுநாள் அவர்கள் பேச்சுவார்த்தைக்குப் போகவேண்டும். முந்தைய கோடையில் வாசலில் நின்ற எழுத்தாளர்கள் இப்போது கூட்டத்தில் நின்றார்கள். மேடையில் இருந்தவர் லாரிக்காரர், கீழே நின்று கை தட்டியவர் பேனாக்காரர்.

ஜூலை, ஆகஸ்டு மாசங்களில் அந்த யூனியன்களின் ஒப்பந்தங்கள் ஓட்டுக்கு வந்து நிறைவேறின. அந்தத் தடவை ஒரு நாள்கூட ஸ்டிரைக் செய்ய வேண்டியிருக்கவில்லை.